கடலோர வீட்டில் பிளைவுட்டைக் கறையானிடமிருந்தும் மக்கலிலிருந்தும் காக்க எந்த மருந்து உண்மையில் உதவும்?

பெரியபட்டினத்துத் தம்பி கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டி நாலு வருஷம். அவருக்கு வளைகுடாவில் வேலை, உம்மா மகள் வீட்டில் இருக்கிறார், அதனால் வீடு வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கிறது. இந்த முறை விடுப்பில் வந்து அடுப்படி அலமாரியைத் திறந்தால் அடித்தட்டு கையோடு பெயர்ந்து வந்திருக்கிறது. படுக்கையறை அலமாரியின் பின்பலகை கறுத்து, பூசணம் பிடித்து, விரல் வைத்தால் அமுங்குகிறது. வாங்கும்போது "மரைன் பிளை, ஆயுசுக்கும் கறையான் வராது" என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். இப்போது ஒருவர் வேஸ்ட் ஆயில் அடி என்கிறார், ஒருவர் மண்ணெண்ணெயில் மருந்து கலந்து அடி என்கிறார், இன்னொருவர் பிளைவுட்டே வேண்டாம், பி.வி.சி. போர்டு போடு என்கிறார். எந்த மருந்து வேலை செய்யும், புதுப் பலகை வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது அவர் கேள்வி.

நான் இராமநாதபுரத்தில் 26 வருஷமாக மரவேலை எடுத்துச் செய்கிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடலோர ஊர்களில்தான் பாதி வேலை. அதற்கு முன்னால் கேரளாவில் பெரும்பாவூர் பக்கம் ஒரு பிளைவுட் ஆலையில் மூன்று வருஷம் இருந்தேன். பலகைக்குள் மருந்து எப்படிப் போகிறது, எப்போது போகாமல் விடுகிறார்கள் என்று அங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நம் ஊர்ப் பனையிலிருந்து தொடங்குவோம். பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது பார்த்திருப்பீர்கள். வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் அறுபது எழுபது வருஷம் ஆகியும் இரும்பு மாதிரி இருக்கும். அதே மரத்தின் உள்பக்கம் சோறு மாதிரி இருக்கிற பகுதியைக் கொஞ்சம் விட்டு அறுத்திருந்தால், அந்த இடத்தை மட்டும் கறையான் சுரண்டித் தின்றிருக்கும். தேக்கிலும் இதே கதைதான், இடம் மட்டும் தலைகீழ். நடுவில் இருக்கும் வைரத்தில் மரமே தனக்காகச் சேர்த்துவைத்த எண்ணெயும் பிசினும் கசப்பும் இருக்கின்றன. கறையானுக்கு அது ஆகாது, பூஞ்சைக்கும் ஆகாது. வெளிப்பக்கத்து வெள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இப்போது பிளைவுட் எந்த மரத்தில் செய்கிறார்கள் என்று பாருங்கள். ரப்பர் மரம், யூகலிப்டஸ், பாப்ளர், சில்வர் ஓக். எல்லாம் வேகமாக வளர்த்து வெட்டப்படும் மரங்கள். தேக்கு மாதிரி வைரம் பாய்வதில்லை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து வேறு நிறைய. வெட்டிப் போட்டால் சில நாளிலேயே நீலம் பூக்கும், உளு விழும். அதை உருட்டிச் சீவி, மெல்லிய ஏடு ஏடாக எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியதுதான் நாம் வாங்கும் பலகை. வைரம் செய்ய வேண்டிய வேலையை இங்கே மருந்து செய்ய வேண்டும். ஆலையில் அந்த மருந்தை உள்ளே ஏற்றவில்லை என்றால், வீட்டுக்கு வந்தபிறகு மேலே எதைப் பூசினாலும் தோலுக்கு மட்டும்தான் போகும். நான் சொல்ல வருவதில் முக்கால்வாசி இதுதான்.

"மரைன் பிளை" என்ற சொல்லைப் பற்றித் தெளிவு வேண்டும். பலகை விற்கிறவர் மூன்று வெவ்வேறு சங்கதிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். பசை தண்ணீருக்குத் தாங்குமா என்பது ஒன்று. பூச்சி தின்னாமல் இருக்குமா என்பது இன்னொன்று. மக்காமல் இருக்குமா என்பது மூன்றாவது. கொதிநீரில் 72 மணி நேரம் போட்டாலும் ஏடு பிரியாது என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது பசைக்கு வைக்கும் சோதனை. பீனால் பார்மால்டிஹைடு பசை அதைத் தாங்கும். ஆனால் பசை பிரியாமல் இருக்கும்போதே நடுவில் இருக்கும் மரம் மக்கிப்போகலாம், கறையான் தின்றுவிடலாம். உங்கள் அடித்தட்டை உடைத்துப் பாருங்கள். மேலே மைக்கா பளபளவென்று இருக்கும். உள்ளே மர ஏடுகள் இருந்த இடத்தில் ஈர மண். பசைக்கோடுகள் மட்டும் பழைய கணக்கு நோட்டின் தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கறையான் மரத்தை எடுத்துக்கொண்டு பசையை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அங்கே பசை கடைசிவரை தாங்கித்தான் இருக்கிறது.

உண்மையான மரைன் பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பலகையிலேயே இருக்கும். அந்தத் தரத்தில் பசை மட்டும் நன்றாக இருந்தால் போதாது, தண்ணீரில் கரைந்து வெளியேறாத மருந்தும் ஏற்றியிருக்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான சாதாரணப் பிளைவுட்டுக்கு எண் ஐ.எஸ். 303. கடையில் "மரைன்" என்று வாயால் சொல்லி 303 எண் போட்ட பலகையைக் கொடுப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பில்லிலும் எண்ணைப் போட்டு வாங்குங்கள்.

மருந்துகளுக்கு வருகிறேன். ஆலைகளில் நடப்பது பெரும்பாலும் மூன்று வழி.

முதலாவது வெங்காரம், அதாவது போராக்ஸ். ஆங்கில வைத்தியத்தில் போரிக் ஆசிட் என்று தெரிந்த பொருளும் வெங்காரமும் சேர்ந்த கரைசல். ஒரு பங்கு போரிக் ஆசிட்டுக்கு ஒன்றரைப் பங்கு வெங்காரம் என்ற கணக்கில் கலந்தால் தண்ணீரில் நன்றாகக் கரையும். சீவிய ஏடுகளை ஈரம் காயுமுன் அதில் முக்கி எடுத்தால் மருந்து உள்வரைக்கும் ஊறும், ஏடு மெல்லியது என்பதால். கறையானுக்கும் உளுவுக்கும் பூஞ்சைக்கும் மூன்றுக்குமே இது எமன். மணம் இல்லை, நிறம் இல்லை, மற்ற மருந்துகளோடு பார்த்தால் மனிதருக்குக் கெடுதல் குறைவு. பெரும்பாவூரில் ரப்பர் மர ஏட்டுக்கு இது இல்லாமல் வேலையே நடக்காது. குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. மரத்தோடு அது பிணைந்துகொள்வதில்லை. தண்ணீர் தொடர்ந்து பட்டால் வந்த வழியே கரைந்து வெளியேறிவிடும். அதனால் படுக்கையறை அலமாரி, பரண், புத்தகத் தட்டு, கட்டில் இதற்கெல்லாம் நல்லது. சிங்க் அடியிலும் குளியலறைக் கதவிலும் அதை நம்ப முடியாது. இன்னொரு சங்கதி, வெங்காரம் அதிகமாக ஊறிய ஏட்டில் பீனால் பசை சரியாக விரியுமுன்பே கெட்டியாகிவிடும். அந்தப் பயத்தில் சில ஆலைகளில் மருந்தைக் குறைத்துவிடுவார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் அவசர ஆர்டர் வந்தால் முக்கும் தொட்டியை விட்டுவிட்டு நேராக உலர்த்தும் இயந்திரத்துக்கு ஏடு போன நாட்கள் உண்டு. வெளியே வரும் பலகையில் எந்த வித்தியாசமும் தெரியாது.

இரண்டாவது, பசையிலேயே பூச்சிமருந்தைக் கலப்பது. முன்பு குளோர்பைரிபாஸ் கலந்தார்கள். பீனால் பசை கடும் காரத்தன்மை உள்ளது, அதன்மேல் சூடான அழுத்தப் பொறி வேறு. அந்தக் காரத்தில் குளோர்பைரிபாஸ் உடைந்துபோகும். பைபென்த்ரின், இமிடாகுளோபிரிட் போன்றவை அதைவிடத் தாங்கும். ஏடு மெல்லியதாக இருந்தால் பசைக்கோட்டில் இருக்கும் மருந்து இருபுறத்து ஏட்டையும் காக்கும். செலவு குறைவு, வேலை சுலபம், அதனால் "டெர்மைட் புரூஃப்" என்று அச்சடித்து வரும் பலகைகளில் நிறைய இந்த வகைதான். ஒன்றை மறக்காதீர்கள்: இவை பூச்சிமருந்துகள். பூஞ்சையை இவை ஒன்றும் செய்யாது. தம்பி வீட்டுப் பின்பலகை கறுத்ததற்கும் கறையானுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

மூன்றாவது, செம்பு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் சோன்டி காமேசன் என்ற நம் நாட்டு விஞ்ஞானி, 1933-ல், டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில். உலகம் முழுவதும் மின்கம்பத்திலும் துறைமுகத் தூணிலும் ஏறிய மருந்து அது. மரத்துறையில் இருக்கிற நமக்கே பலருக்கு அவர் பெயர் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. செம்பு பூஞ்சையை நிறுத்துகிறது. ஆர்சனிக் பூச்சியையும், செம்புக்கு அசராத பூஞ்சைகளையும் பார்த்துக்கொள்கிறது. குரோமியம் இரண்டையும் மரநாரோடு கட்டிப்போடுகிறது, அதனால்தான் மழையில் கரைவதில்லை. பெரிய இரும்பு உருளைக்குள் பலகையை அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்து, பிறகு அழுத்தம் கொடுத்து மருந்தைச் செலுத்துவார்கள். ஆர்சனிக் விஷம் என்பதால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இதை நிறுத்திக்கொண்டார்கள். இப்போது ஆர்சனிக்குக்குப் பதிலாக வெங்காரச் சத்து சேர்ந்த கலவை, செம்போடு டெபுகோனசோல் போன்ற பூஞ்சைமருந்து சேர்ந்த கலவை என்று வந்திருக்கின்றன. வீட்டுக்குள் வைக்கும் பலகைக்கு ஆர்சனிக் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் படும் இடங்களுக்குச் செம்பு ஏறிய பலகைதான் சரி.

செம்பு ஏறிய பலகையில் சாதாரண இரும்பு ஆணி, ஸ்க்ரூ போடாதீர்கள். செம்பும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு அரிக்கும், அதில் நம் உப்புக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மண்டபத்தில் ஒரு வீட்டில் இரண்டே வருஷத்தில் கீல் ஸ்க்ரூவின் தலை மட்டும் கையில் வந்தது, உடல் துருவாகி உள்ளே நின்றுவிட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள், 316 ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் என்று பழைய ஆட்கள் பெயர் சொன்னால் கேட்காதீர்கள். ஒருகாலத்தில் கறையானுக்கு அவைதான் மருந்து. மண்ணிலும் உடம்புக் கொழுப்பிலும் பல வருஷம் தங்குபவை என்பதால் 2001-ல் ஸ்டாக்ஹோமில் கையெழுத்தான உடன்படிக்கையில் முதல் பட்டியலிலேயே இடம்பிடித்தவை. யாராவது பழைய டப்பாவைக் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

வெங்காரம் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆலையில் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது இது. மஞ்சள் தூளை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் கரைத்து, தெளிந்த மஞ்சள் நீரைத் துணியில் வடிகட்டுங்கள். பலகையின் புதிதாக அறுத்த விளிம்பில் அதைப் பஞ்சால் தடவி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தண்ணீர் சேர்த்து மட்டுப்படுத்தி ஒரு சொட்டு, இரண்டு சொட்டு அதன்மேல் தொடுங்கள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் செந்நிறமாக மாறினால் வெங்காரச் சத்து இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் இல்லை. குங்குமம் செய்கிறவர்கள் மஞ்சளோடு வெங்காரம் சேர்ப்பது இதே சிவப்புக்காகத்தான். அமிலம் ஏன் என்றால், ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதல்லவா, அதுபோல பசைக்கோட்டின் காரம் பட்டும் சிவக்கும். அமிலம் தொட்டால் அந்தச் சிவப்பு மறைந்துவிடும், வெங்காரத்தால் வந்த சிவப்பு நிற்கும். அறுத்த விளிம்பில் ஒவ்வொரு ஏடாகப் பாருங்கள். மேல் ஏடு இரண்டும் சிவந்து நடு ஏடுகள் மஞ்சளாகவே நின்றால், முகத்துக்கு மட்டும் மருந்து காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எவ்வளவு மருந்து என்று இது சொல்லாது, இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்பிரிட்டை வைக்காதீர்கள், பிளீச்சிங் பவுடர் புழங்கும் இடத்தில் அமிலத்தைத் திறக்காதீர்கள். செம்பு ஏறிய பலகை லேசான பச்சையாக இருக்கும். ஆனால் பச்சை நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், சாயத்திலும் பச்சை உண்டு.

நல்ல பலகை வாங்கியாயிற்று. அப்புறமும் வீணாகும் இடம் ஒன்று இருக்கிறது. அது என் கையாலேயே நடந்தது.

கீழக்கரையில் ஒரு லாத்தா வீட்டில் அலமாரி செய்தேன். பலகையில் குறை சொல்ல முடியாது, நானே பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன். நாலாவது வருஷம் கூப்பிட்டு அனுப்பினார். அலமாரிக்குப் பின்னால் ஏ.சி. தண்ணீர்க் குழாய்க்காகப் பின்பலகையில் ஒரு ஓட்டை போட்டிருந்தேன். சுவருக்கும் அந்த ஓட்டைக்கும் நடுவே பென்சில் தடிமனுக்கு ஒரு மண்குழாய். ஓட்டையின் விளிம்பில் ஏடுகளின் வாய் திறந்தபடி இருந்தது. ஒரு சொட்டு மருந்தோ பெயின்டோ அங்கே நான் தொடவில்லை. பசைக்கோட்டு மருந்துப் பலகை அது. ஒட்டும்போது நடுவில் ஏடு சேராமல் விட்ட ஒரு இடைவெளி சரியாக அந்த ஓட்டையில் வந்து திறந்திருக்கிறது. இடைவெளியில் பசை இல்லை, பசை இல்லாத இடத்தில் மருந்தும் இல்லை. அந்தச் சந்து வழியாகக் கறையான் மூன்றடி உள்ளே போயிருந்தது. லாத்தா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மகளின் நிக்காஹ் பட்டுச் சேலையை எடுத்து விரித்துக் காட்டினார், மடிப்பு மடிப்பாக ஓட்டை. அந்த அலமாரியை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். சேலையை மாற்றிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து என் பட்டறையில் விளிம்புக்கு மருந்து பூசாமல் ஒரு பலகையும் வண்டி ஏறியதில்லை.

அதனால் ஆசாரியிடம் முதலில் பேச வேண்டியது அறுத்த விளிம்பைப் பற்றி. ரம்பம் பட்ட இடம், கீலுக்குத் தோண்டிய குழி, குழாய் ஓட்டை, ஒயர் ஓட்டை, பூட்டுக்கான சதுரம், எல்லாமே புது வாய். வீட்டுக்குள் காய்ந்த இடத்துக்கு என்றால் நூறு பங்கு வெந்நீருக்கு ஆறு பங்கு வெங்காரமும் நாலு பங்கு போரிக் ஆசிட்டும் கரைத்து, விளிம்பில் மட்டும் தூரிகையால் இரண்டு மூன்று கை. ஒவ்வொரு கைக்கும் நடுவில் ஊற நேரம் கொடுங்கள். முழுதும் காய்ந்தபிறகு மேலே பூத்திருக்கும் வெள்ளை உப்பைத் துடைத்துவிட்டு, சீலர் அல்லது எபாக்சி ஒரு கை அடித்து, பிறகு பட்டை ஒட்டச் சொல்லுங்கள். உப்பைத் துடைக்காமல் ஒட்டினால் பட்டை பிடிக்காது, ஆசாரி மருந்தைத்தான் குறை சொல்வார்.

தண்ணீர் படும் இடத்து விளிம்புக்குக் கரைப்பானில் வரும் மரமருந்து வேண்டும். கடையில் டப்பாவைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் என்று மட்டும் இருந்தால் பூச்சிக்கு மட்டும். புரோபிகோனசோல், டெபுகோனசோல் அல்லது செம்பு நாப்தனேட் என்று ஏதாவது கூட இருந்தால் மக்கலுக்கும் சேர்த்து. உள்ளே இருப்பது என்ன என்றே எழுதாத டப்பாவை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பூச்சிமருந்து டப்பாவில் ஒரு சாய்சதுரம் அச்சிட்டிருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறம் விஷத்தின் அளவைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை கடைசி.

வேஸ்ட் ஆயில் வேண்டாம். வீடு நாறும், மைக்கா பிடிக்காது, எஞ்சினில் எரிந்த கசடெல்லாம் அடுப்படியில் வந்து சேரும். மண்ணெண்ணெய் அந்த நிமிஷம் மேலே பட்ட கறையானைக் கொல்லும், பிறகு ஆவியாகிப் போய்விடும். மருந்தைச் சுமந்து உள்ளே போகிற வாகனமாக அதற்கு மதிப்பு உண்டு, தனியாக மருந்து ஆகாது. பெரியவர்கள் ஓட்டு வீட்டுச் சட்டத்துக்கும் படகுக்கும் பூசிய முந்திரிக்கொட்டை எண்ணெய் நல்ல சரக்கு, என் தகப்பனார் கை அந்த எண்ணெயில் வெந்து தோல் உரிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது கறுப்பாகப் படிகிற, கையில் கொப்புளம் போடுகிற பொருள். வெளிவேலைக்குச் சரி, மைக்கா ஒட்டும் பலகைக்குச் சரிப்படாது.

நம் கரைக்கென்று இருக்கிற தொல்லை ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சுவர். உப்புத் தண்ணீரில் கலவை போட்ட வீடுகள் நம் பக்கம் எத்தனை! சுவரில் உப்பு பூத்துப் பொரிவதைப் பார்க்கிறோம். அந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் அந்தச் சுவரைத் தொட்டால் வியர்த்த முதுகு மாதிரி இருக்கும். அதில் அலமாரியை ஒட்டிவைக்கிறோம். முன்பக்கம் மைக்கா, பின்பக்கம் ஒன்றும் பூசாத வெறும் பலகை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் மக்கவைக்கும் பூஞ்சைக்குப் பிழைப்பு வந்துவிட்டது என்று எங்கள் தொழிலில் கணக்கு. பூட்டிய வீட்டில் காற்றும் கிடையாது, வெயிலும் கிடையாது. தம்பி வீட்டுப் பின்பலகை இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இதற்கு மருந்தைவிட முந்திய வேலை உண்டு. சுவரிலிருந்து ஒரு அங்குலமாவது தள்ளி நிறுத்துங்கள், கீழும் மேலும் காற்றுப் போக வழி விடுங்கள், பின்பலகையின் இரண்டு முகத்துக்கும் ஒரேமாதிரி மைக்காவோ பெயின்டோ கொடுங்கள். அதற்கு மேல் மருந்தேறிய பலகை என்றால் அது தன் வேலையைச் செய்யும்.

இப்போது வீட்டில் இருக்கிற கறையான். தரையிலிருந்து மண்குழாய் ஏறியிருந்தால் கூடு மண்ணுக்குள் இருக்கிறது. பலகையை மட்டும் மாற்றினால் புதுப் பலகைக்கும் அதே வழியில் வரும். மருந்தடித்த மரத்தின் மேலேயே மண்குழாய் கட்டி, தாண்டிப் போய், மருந்தில்லாத மரத்தைத் தேடித் தின்கிற ஜாதி அது. கட்டும்போது அஸ்திவார மண்ணுக்கு மருந்து ஊற்றியிருந்தால் நல்லது. தரை மட்டத்தில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை என்று கணக்கு. கட்டிய வீட்டுக்கு, சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை செலுத்துவார்கள். எதைச் செலுத்துகிறார்கள் என்று கேளுங்கள். பைபென்த்ரின் கறையானை அண்டவிடாமல் விரட்டும், ஒரு சின்ன இடைவெளி விட்டாலும் அங்கே நுழையும். இமிடாகுளோபிரிட், பிப்ரோனில் கறையானுக்குத் தெரியாது. அதில் நடந்து போய், வாயோடு வாய் ஊட்டி, கூட்டுக்குள் பரப்பிவிடும். அதனால்தான் மண்குழாயைக் கண்டதும் ஆத்திரத்தில் உடைத்துத் துடைக்காதீர்கள் என்கிறேன். மருந்து போடுகிறவர் பார்க்கும்வரை அது இருக்கட்டும்.

ஆனால் கிணறு! மணல் பூமியில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாக மிதக்கும் ஒரு ஏடு. ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கும் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இமிடாகுளோபிரிட் தண்ணீரில் எளிதாகப் போகும், மணல் எதையும் பிடித்துவைக்காது. கிணறோ ஊற்றோ வீட்டை ஒட்டி இருந்தால் அந்தப் பக்கத்தில் மண்ணுக்கு மருந்து ஊற்றவே வேண்டாம். அங்கே அலமாரியைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள், மரத்தை மட்டும் காத்துக்கொள்ளுங்கள். உரிமம் உள்ள ஆள்தான் அடிக்க வேண்டும், அடிக்கும்போது உம்மாவும் பிள்ளைகளும் வீட்டில் இருக்கக் கூடாது.

மண்குழாயே இல்லாமல், பலகைக்குக் கீழே கசகசா மாதிரி பொடி உருண்டைகள் குவிந்திருந்தால் அது வேறு இனம், காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான். கையில் எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் ஆறு பட்டையாக இருக்கும். அதற்கு மண்ணில் மருந்து ஊற்றிப் பயனில்லை. அந்தத் துண்டையே அகற்ற வேண்டும், இல்லையென்றால் சின்னத் துளை போட்டு உள்ளே மருந்து செலுத்த வேண்டும்.

பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பற்றி ஒரு வரி. மரத்தூளோடு துத்தநாக போரேட் ஏறக்குறைய 1 சதவீதம் கலந்து செய்தால் கறையானுக்கும் மக்கலுக்கும் தாங்கும், சாதாரண வெங்காரம் மாதிரி சீக்கிரம் கரையாது. ஆனால் தண்ணீர் பட்டு ஊதிப்போவதை எந்த மருந்தும் தடுக்காது. நம் கடற்கரையில் அடுப்படிக்கு நான் போடுவதில்லை. பி.வி.சி. போர்டைக் கறையான் தின்னாது, மக்காது. சிங்க் அடிக்கும் குளியலறைக்கும் தாராளமாகப் போடலாம். நீளத் தட்டாகப் போட்டுப் பாத்திரம் அடுக்கினால் தொய்யும், ஸ்க்ரூ பிடிப்பும் பிளைவுட் அளவுக்கு வராது.

அறுத்த துண்டுகளை அடுப்பெரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். வேலை முடிந்த அன்றே பக்கத்து வீட்டு அம்மா கோணியோடு வந்து நிற்பார், கொடுக்க மனம் வரும். ஆர்சனிக் ஏறிய பலகையை எரித்தால் விஷம் புகையிலும் சாம்பலிலும் இருக்கும். அந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்ப்பார்கள். துண்டுகளைத் தொட்டில் செய்யவோ, மாவு டப்பா வைக்கும் தட்டு செய்யவோ, ஆட்டுக்குத் தொட்டி செய்யவோ கூடாது.

தம்பிக்கு நான் சொல்வது இது. விடுப்பு குறைவு என்பதால் வரிசையாகச் செய்யுங்கள். முதல் வாரம் கறையான் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து அதை முடியுங்கள். அடுப்படி மேடைக்கு அடியில் பெட்டி எல்லாம் கடப்பாக் கல்லில் கட்டி, கதவு மட்டும் பலகையில் போடுங்கள். நம் அம்மாக்கள் வீட்டில் இருந்த அமைப்புதான், கடலோரத்துக்கு அதைவிடச் சிறந்ததை நான் பார்க்கவில்லை. சிங்க் அடிக் கதவுக்கு 710, முடிந்தால் செம்பு ஏறியது. படுக்கையறைக்கு வெங்காரம் ஏறிய 303 போதும், மஞ்சள் சோதனையில் நடு ஏடும் சிவக்க வேண்டும். மாதிரித் துண்டு கேட்டால் நல்ல கடைக்காரர் தருவார்.

ஆசாரி அறுக்கும் நாட்களில் நீங்களோ உங்கள் மச்சானோ பக்கத்தில் இருங்கள். குழாய் ஓட்டை ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்து, மருந்து பூசியபிறகு மாட்டச் சொல்லுங்கள். திரும்பிப் போகும்போது அலமாரிக் கதவுகளை மூடாமல் திறந்தே விட்டுப் போங்கள், சாவியை யாரிடமாவது கொடுத்து வாரம் ஒரு நாள் சன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழை பிடித்து இரண்டு வாரம் ஆனதும் அவரையே சுவர் ஓரத்தில் டார்ச் அடித்து, அலமாரிப் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.